கடலில் கண்ணி வைத்த வல்லூறுகள்

1941 டிசம்பர் 15. விடிவதற்கு இன்னும் சில மணி நேரம் இருந்தது. மலேயாவின் கிழக்குக் கடலில் 'ஓ 16' என்னும் டச்சு நீர்மூழ்கிக் கப்பல் நீர்ப்பரப்பின் மேல் மிதந்தபடி சிங்கப்பூரை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. மூன்று நாட்களுக்கு முன்புதான் அது ஆழம் குறைந்த கடலுக்குள் துணிந்து புகுந்து, துருப்புகளை இறக்கிக்கொண்டிருந்த ஜப்பானியக் கப்பல்களைத் தாக்கியிருந்தது. இப்போது எதிரி எவரும் கண்ணில் படவில்லை. திடீரென்று ஒரு பெரும் வெடிப்பு. கப்பல் முறிந்து சுமார் ஒரு நிமிடத்தில் மூழ்கிப்போயிற்று. அதில் இருந்த 42 பேரில் 41 பேர் மாண்டனர். ஒரே ஒரு மாலுமி மட்டும் ஏறத்தாழ ஒன்றரை நாள் நீந்தி, டாயாங் என்னும் சிறு தீவில் கரையேறினார். என்ன நடந்தது என்பதை உலகம் அவர் வாயிலாகத்தான் அறிந்தது.

தாக்கியவர் யார்? அந்த இடத்தில் யாருமே இல்லை. அதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் முன்பு, டிசம்பர் 6ஆம் தேதி இரவில், 'தட்சுமியா மாரு' என்னும் ஜப்பானியக் கப்பல் தியோமான் தீவுக்கும் அனம்பாஸ் தீவுகளுக்கும் இடைப்பட்ட கடலில் 456 கண்ணிவெடிகளை வரிசையாக இட்டுவிட்டுப் போயிருந்தது. தேதியைக் கவனித்தீர்களா? இந்தப் பகுதியில் போர் தொடங்கியது டிசம்பர் 8ஆம் தேதி. போர் தொடங்கும் முன்பே கண்ணி விரிக்கப்பட்டுவிட்டது. டிசம்பர் 21ஆம் தேதி அதே வெடிவயலில் 'கே 17' என்னும் இன்னொரு டச்சு நீர்மூழ்கியும் சிக்கியது. அதிலிருந்து ஒருவரும் தப்பவில்லை.

பீரங்கி சுடுபவன் இலக்கைப் பார்த்துச் சுடுகிறான். விமானி குண்டு போடும் இடத்தைப் பார்க்கிறான். கண்ணிவெடி இடுபவனோ தன் ஆயுதம் யாரைக் கொல்லும் என்பதை அறியாமலே ஊருக்குத் திரும்பிவிடுகிறான். இந்த விசித்திரமான ஆயுதத்தையும், அதை இடுவதற்கென்றே ஜப்பான் கட்டிய 'ஹட்சுடாகா' வகைக் கப்பல்களையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கொம்பு முளைத்த பந்து

கடற்கண்ணிவெடியின் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். பெரிய இரும்புப் பந்து. அதன் மேல் ஆங்காங்கே சிறு கொம்புகள். இது நீரின் மேல் மிதப்பதில்லை, கடலடியிலும் கிடப்பதில்லை. மேற்பரப்புக்குச் சில மீட்டர் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரே இடத்தில் நிற்கிறது. எப்படி?

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பந்தின் விட்டம் 86 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன் கன அளவு ஏறத்தாழ 333 லிட்டர். அத்தனை கடல்நீரின் எடை சுமார் 341 கி.கி. வெடிமருந்தும் இரும்பு ஓடும் சேர்ந்து 240 கி.கி. இருந்தால், பந்தை மேல்நோக்கித் தள்ளும் விசை 100 கி.கி. எடைக்குச் சமம். ஆகவே பந்து மேலே வரத் துடிக்கிறது. கடலடியில் கிடக்கும் கனத்த நங்கூரத்தோடு ஓர் எஃகு வடம் அதைக் கட்டிப் பிடித்திருக்கிறது. நூலில் கட்டிய பலூன் காற்றில் நிற்பது போல, கண்ணி நீருக்குள் நிற்கிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணி மேற்பரப்புக்கு மிகச் சரியாக 3 மீட்டர் கீழே நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே போனால் கப்பல்கள் அதன் தலைக்கு மேலாகக் கடந்துவிடும். மேலே வந்தால் பகலில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் கடலின் ஆழம் இடத்துக்கு இடம் மாறுகிறது. இருட்டில் ஓடிக்கொண்டே நூறு கண்ணிகளை இடும் கப்பல், ஒவ்வோர் இடத்திலும் ஆழம் அளந்து வடத்தை வெட்டிக்கொண்டிருக்க முடியுமா?

இதற்குக் கண்டுபிடித்த வழி மிக அழகானது. கருவி ஒன்றுதான்: கொத்தனார் சுவரின் நேர் பார்க்கப் பயன்படுத்துகிறாரே, அதே தூக்குக்குண்டு. நங்கூரப் பெட்டிக்குள் வடம் ஓர் உருளையில் சுற்றப்பட்டிருக்கிறது. பெட்டியின் அடியிலிருந்து 3 மீட்டர் நீளக் கயிற்றில் ஒரு தூக்குக்குண்டு தொங்குகிறது. அந்தக் குண்டின் இழுப்பு இருக்கும்வரை உருளையின் தடுப்புக் கொக்கி விலகியே இருக்கும். வடம் தாராளமாக அவிழும். கண்ணியும் நங்கூரமும் சேர்ந்து கடலில் விழுகின்றன. கண்ணி மேலே மிதக்கிறது; நங்கூரம் வடத்தை அவிழ்த்தபடி இறங்குகிறது. கடலின் ஆழம் 60 மீட்டர் என்றால், நங்கூரம் 57 மீட்டர் இறங்கியதும் தூக்குக்குண்டு தரையைத் தொடும். கயிறு தளர்கிறது. உடனே கொக்கி விழுந்து உருளை பூட்டிக்கொள்கிறது. இனி வடம் அவிழாது. ஆனால் நங்கூரம் தரையைத் தொட இன்னும் 3 மீட்டர் இறங்க வேண்டும் அல்லவா? அந்த 3 மீட்டருக்கும் அது கண்ணியைத் தன்னோடு கீழே இழுத்துக்கொள்கிறது. வேலை முடிந்தது. ஆழம் 60 மீட்டரானாலும் 90 மீட்டரானாலும் கண்ணி நிற்பது 3 மீட்டர் ஆழத்தில்தான். ஆழத்தை யாருமே அளக்கவில்லை! ஒரு வாளித் தண்ணீர், ஒரு பிளாஸ்டிக் பந்து, ஒரு நூற்கண்டு கொண்டு இதை நீங்களே வீட்டில் செய்து பார்க்க முயலலாம். கொக்கியை மட்டும் கையால் பிடிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது கொம்பு. இது 1868ஆம் ஆண்டு ஜெர்மனியில் உருவான உத்தி. கொம்பின் மேலுறை ஈயத்தால் ஆனது. ஈயம் எளிதில் வளையும் உலோகம் என்பது தெரிந்ததே. உள்ளே ஒரு கண்ணாடிக் குழலில் பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் கலந்த கரைசல். அதன் கீழே ஒரு துத்தநாகத் தகடும் ஒரு கரித் தகடும் ஒன்றையொன்று தொடாமல் காத்திருக்கின்றன. பௌதிகப் பாடத்தில் நீங்கள் படித்த டைகுரோமேட் மின்கலமேதான். கரைசல் மட்டும் இன்னும் ஊற்றப்படவில்லை. கப்பல் மோதுகிறது, ஈயம் வளைகிறது, கண்ணாடி உடைகிறது, கரைசல் தகடுகளின் மேல் கொட்டுகிறது. அக்கணமே மின்னோட்டம் பிறந்து, மெல்லிய கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, வெடிமருந்தைத் தூண்டுகிறது. நாம் வானொலிப் பெட்டியில் போடும் மின்கலம் சில மாதங்களில் தீர்ந்துவிடுகிறது. இந்த மின்கலமோ உடையும்வரை பிறக்கவே இல்லை. ஆகையால் அது தீர்ந்துபோவதும் இல்லை. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் பழைய கண்ணிகள் வெடித்ததன் ரகசியம் இதுதான்.

ஜப்பானின் 93ஆம் வகைக் கண்ணியில் சுமார் 100 கி.கி. வெடிமருந்து இருந்தது. ஒரு பெரிய கப்பலுக்கு அது எம்மாத்திரம் என்று நினைக்காதீர்கள். காற்றில் நிகழும் வெடிப்பின் வேகத்தைச் சுற்றியுள்ள காற்று சுருங்கிச் சுருங்கித் தணித்துவிடுகிறது. நீர் அப்படிச் சுருங்காது. அதிர்ச்சி அப்படியே கப்பலின் அடிவயிற்றைத் தாக்குகிறது. அதன்பின் வெடிவாயு ஒரு பெரிய குமிழியாக விரிந்து அடிப்பகுதியைத் தூக்குகிறது. குமிழி சுருங்கும்போது தாங்குதல் இல்லாமல் கப்பல் தொய்கிறது. மேலும் கீழும் வளைக்கப்பட்ட தகரம் முறிவது போல முதுகெலும்பு முறிகிறது.

ஒரே நாளில் இரண்டு

ஜப்பானியக் கடற்படை இந்த ஆயுதத்தில் இவ்வளவு அக்கறை காட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. 1904ஆம் ஆண்டு ருசியாவுடன் போர். ஏப்ரல் 12ஆம் தேதி இரவு ஜப்பானின் 'கோர்யோ மாரு' போர்ட் ஆர்தர் துறைமுகத்தின் வாயிலில் கண்ணிகளை இட்டது. மறுநாள் காலை ருசியக் கொடிக்கப்பல் 'பெட்ரோபாவ்லோவ்ஸ்க்' அதில் மோதிச் சில நிமிடங்களில் மூழ்கிற்று. அட்மிரல் மகாரோவும் அறுநூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளும் மாண்டனர். போர்க் கொடுமைகளை ஓவியமாகத் தீட்டிப் புகழ்பெற்ற வெரெஷ்சாகினும் அந்தக் கப்பலில்தான் இருந்தார்.

ருசியர்கள் சும்மா இருக்கவில்லை. துறைமுகத்தை முற்றுகையிட்ட ஜப்பானியக் கப்பல்கள் தினமும் ஒரே பாதையில் போய்வருவதை 'அமூர்' என்னும் கண்ணி இடும் கப்பலின் தலைவர் கவனித்துவந்தார். மே 14ஆம் தேதி மூடுபனியின் மறைவில் வெளியேறி அந்தப் பாதையின் குறுக்கே 50 கண்ணிகளை இட்டுவிட்டுத் திரும்பினார். மறுநாள் 'ஹாட்சுசே', 'யாஷிமா' என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் அவற்றில் மோதி அழிந்தன. அப்போது ஜப்பானிடம் இருந்த முதல்தரப் போர்க்கப்பல்கள் ஆறுதான். அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில், ஒரு குண்டுகூடச் சுடப்படாமல் போயிற்று. கண்ணிவெடியின் ஆற்றலை ஜப்பான் கொடுத்தும் தெரிந்துகொண்டது, வாங்கியும் தெரிந்துகொண்டது.

அந்தப் போரில் பங்கேற்காத ஒரு நாடும் விலை கொடுத்தது. வடம் அறுந்து மிதந்துபோன கண்ணிகளில் மோதி ஐந்நூறு, அறுநூறு சீன மீனவர்களும் பயணிகளும் இறந்தார்கள் என்று 1907ஆம் ஆண்டு ஹேக் நகர மாநாட்டில் சீனப் பிரதிநிதிகள் எடுத்துரைத்தனர். அந்த மாநாட்டில்தான் கண்ணிவெடிகளுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. வடம் அறுந்த கண்ணி தானாகவே செயலிழந்துவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதற்கு வழியும் இருந்தது: வடத்தின் இழுப்பு இருக்கும்வரைதான் மின்சுற்று இணைந்திருக்கும், இழுப்பு நின்றால் ஒரு வில் சுருள் அதைத் துண்டித்துவிடும். எல்லாக் கண்ணிகளிலும் இது சரியாக வேலை செய்ததா என்று கேட்டால், இல்லை என்பதே பதில். உப்புநீரில் ஆண்டுக் கணக்கில் கிடந்த வில் சுருளை யார் நம்புவது?

வல்லூறுகள் மூன்று

முதலில் ஜப்பான் பழைய கப்பல்களைத்தான் இந்த வேலைக்கு மாற்றி அமைத்தது. 1899இல் முடிக்கப்பட்ட 'டோகிவா' என்னும் கவசக் குரூசர் 1920களில் கண்ணி இடும் கப்பலாயிற்று. பின்னர் இதற்கென்றே புதிய கப்பல்கள் வந்தன. 1929இன் 'இட்சுகுஷிமா' டீசல் இயந்திரத்தால் ஓடியது. 1936இன் 'ஒகினோஷிமா' 500 கண்ணிகளைச் சுமக்கும் பெரிய கப்பல்.

இந்த வரிசையில் 1937ஆம் ஆண்டுத் திட்டத்தில் உருவானவைதான் ஹட்சுடாகா வகையின் மூன்று கப்பல்கள். 'ஹட்சுடாகா' 1939இலும், 'அவோடாகா' 1940இலும், 'வாகாடாகா' 1941இலும் கடற்படையில் சேர்ந்தன. 'டாகா' என்றால் வல்லூறு. முதல் வல்லூறு, நீல வல்லூறு, இளம் வல்லூறு என்பன இம்மூன்று பெயர்களின் பொருள். அழிவு வேலைக்குப் போகும் கப்பல்களுக்கு இத்தனை அழகான பெயர் சூட்டுவது ஜப்பானியரின் வழக்கம்.

இவை பெரிய கப்பல்கள் அல்ல. ஏறத்தாழ 1,600 டன் எடை. 90 மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளம். மணிக்கு 20 நாட் வேகம், அதாவது சுமார் 37 கிலோமீட்டர். பீரங்கிகளும் சிறியவையே. இவற்றின் உண்மையான ஆயுதம் தளத்தின் மேல் இருந்தது: ஏறத்தாழ 100 கண்ணிவெடிகள், அல்லது நீர்மூழ்கிகளைத் தடுக்கும் எஃகு வலைகள். வலைகள்தான் இவற்றின் தனிச்சிறப்பு. எஃகுக் கம்பியால் பின்னிய பெரிய வலையை மேலே மிதவைகளும் கீழே நங்கூரங்களும் பிடித்திருக்கும். துறைமுக வாயிலிலும் கப்பல்கள் தங்கும் குடாவிலும் இதைத் திரை போல இழுத்துக் கட்டிவிட்டால், நீருக்கடியில் வரும் நீர்மூழ்கி அதில் மாட்டிக்கொள்ளும். அல்லது மிதவைகள் ஆடுவதைக் கண்டு காவலர் விழித்துக்கொள்வார்கள். கண்ணி தாக்கும் ஆயுதம். வலை காக்கும் ஆயுதம். ஒரே கப்பல் இரண்டையும் செய்தது.

தளத்தில் சிறு ரயில் பாதை போல இரும்புத் தண்டவாளங்கள் பதிக்கப்பட்டிருக்கும். சக்கரம் பொருத்திய நங்கூரப் பெட்டிகளின் மேல் கண்ணிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கப்பல் நேர்கோட்டில் ஓட, மணி அடிக்கும் போதெல்லாம் மாலுமிகள் ஒவ்வொன்றாகப் பின்புறத்து விளிம்பிலிருந்து தள்ளுவார்கள். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். கப்பல் 10 நாட் வேகத்தில் ஓடுகிறது. 20 விநாடிக்கு ஒரு கண்ணி. வினாடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் ஓடுவதால் இரு கண்ணிகளுக்கு இடையே சுமார் 100 மீட்டர். நூறு கண்ணிகளை இட்டு முடிக்க அரை மணிக்குச் சற்று அதிக நேரம் போதும். அதற்குள் 10 கிலோமீட்டர் கடல், போக முடியாத கடலாகிவிடுகிறது. அதைத் திரும்பத் துப்புரவாக்கவோ வாரக்கணக்கில் ஆகும்.

இத்தகைய கப்பலைக் கட்டுவதில் பொறியியலாருக்கு ஒரு தலைவலி உண்டு. கண்ணி ஒன்று நங்கூரத்தோடு சேர்ந்து சுமார் 700 கி.கி. எனக் கொண்டால், நூறுக்கு 70 டன். அத்தனை எடையும் கப்பலின் அடியில் இல்லை; மேல்தளத்தில் இருக்கிறது! பேருந்தின் கூரைமேல் மூட்டை ஏற்றினால் வளைவில் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். புவியீர்ப்பு மையம் மேலே போகப் போகக் கப்பல் சாய்ந்தால் மீளும் ஆற்றல் குறைகிறது. ஜப்பான் இதை ஒரு கோரமான பாடத்தின் மூலம் கற்றது. 1934 மார்ச் 12ஆம் தேதி 'டோமோசுரு' என்னும் புத்தம்புதிய டார்பிடோப் படகு, சாசெபோ அருகே புயலில் தலைகீழாகக் கவிழ்ந்து 100 பேர் இறந்தனர். சிறிய உடலின்மேல் அளவுக்கு மீறி ஆயுதங்களை அடுக்கியதே காரணம். அதற்குப் பிறகு கடற்படையின் வடிவமைப்புகள் எல்லாம் மறுபரிசீலனை செய்யப்பட்டன. ஹட்சுடாகா வகையின் திட்டம் வரையப்பட்டது இந்த விபத்துக்குப் பின்னர்தான்.

வேலை மாறியது

போர் தொடங்கியபோது ஹட்சுடாகா மலேயாப் படையெடுப்புக்குத் துணையாகச் சென்றது. மற்ற இரண்டும் தென்கடல்களிலேயே பணியாற்றின. கைப்பற்றிய துறைமுகங்களுக்கு வலை கட்டுவது, கண்ணி இடுவது, சரக்குக் கப்பல்களுடன் காவல் போவது ஆகியவை இவற்றின் வேலை.

ஆனால் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு கழிந்ததும் நிலைமை மாறியது. ஜப்பானுக்கு எண்ணெயும் ரப்பரும் பாக்சைட்டும் அரிசியும் கடல்வழியேதான் வந்தாக வேண்டும். அமெரிக்க நீர்மூழ்கிகள் அந்தச் சரக்குக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தன. பெரும் போர்க்கப்பல்களுக்குச் செலவிட்ட எண்ணத்தில் ஒரு பகுதியையாவது ஜப்பான் காவற் கப்பல்களுக்குச் செலவிட்டிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். காவலுக்குக் கப்பல் போதவில்லை. ஆகவே ஆழ்வெடிகுண்டு வைத்திருந்த எந்தக் கப்பலையும் காவலுக்கு அனுப்பினார்கள். கண்ணி இடும் கப்பல்களும் போயின. தாங்களும் நீர்மூழ்கிகளுக்கு இரையாயின. ஒகினோஷிமா 1942 மே மாதம், 'டுசுகாரு' 1944 ஜூன், 'ஷிராடாகா' 1944 ஆகஸ்ட், இட்சுகுஷிமா 1944 அக்டோபர் என்று வரிசையாக அழிந்தன. இவற்றுள் இட்சுகுஷிமாவை ஜாவாக் கடலில் மூழ்கடித்தது 'ஸ்வார்ட்விஸ்' என்னும் டச்சு நீர்மூழ்கி. ஓ 16இன் தோழர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்குள் கண்ணிவெடியும் மாறிவிட்டது. அதை இடக் கப்பலே தேவையில்லை என்ற நிலை வந்தது. 1944 ஆகஸ்ட் 10ஆம் தேதி, இலங்கையில் திருகோணமலைக்கு அருகேயுள்ள சீனக்குடா விமானத் தளத்திலிருந்து அமெரிக்கப் பி-29 விமானங்கள் புறப்பட்டன. போய்வர ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். சுமாத்திராவில் பாலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கியதோடு, எண்ணெய்க் கப்பல்கள் போய்வரும் மூசி ஆற்றிலும் அவற்றில் சில கண்ணிகளைப் போட்டுவிட்டு வந்தன. கண்ணி இடும் கப்பல் நெருங்க முடியாத ஆறு அது.

1945 மார்ச் இறுதியில் இதே உத்தி ஜப்பானின் வாசலுக்கே வந்தது. அதற்கு அமெரிக்கர்கள் இட்ட பெயர் 'பட்டினி நடவடிக்கை'. ஐந்து மாதங்களில் 12,000க்கும் மேற்பட்ட கண்ணிகள் ஜப்பானின் நீரிணைகளிலும் துறைமுகங்களிலும் வீசப்பட்டன. இவை கொம்பு வைத்த பந்துகள் அல்ல. கடலடியில் அமைதியாகக் கிடக்கும் உருளைகள். கப்பல் இரும்பினால் ஆனது; புவியின் காந்தப் புலத்தில் அதுவும் ஒரு பெரிய காந்தமே. அது மேலே கடக்கும்போது கண்ணிக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. பாரடே கண்ட விதிதான். சில வகைகள் கப்பலின் சுழல்விசிறி எழுப்பும் ஒலியைக் கேட்டு வெடித்தன. இன்னும் சில, கப்பல் கடக்கும்போது கடலடியில் அழுத்தம் சிறிது குறைவதை உணர்ந்து வெடித்தன. முதற்கப்பலை விட்டுவிட்டு ஐந்தாவது கப்பலில் வெடிக்கும்படி எண்ணிக்கைக் கருவியும் சிலவற்றில் உண்டு. இப்படி மூழ்கியோ சேதமுற்றோ போன கப்பல்கள் ஏறத்தாழ 670. விமானங்களில் இழந்தவை 15 மட்டுமே. கண்ணி இட்டே முதுமை அடைந்த பழைய டோகிவாவும் 1945இல் இந்த அமெரிக்கக் கண்ணிகளால் காயம்பட்டது.

ஜப்பான் இட்ட வெடிவயல்களோ அந்நேரம் தம் பலத்தை இழந்துகொண்டிருந்தன. ஜப்பான் கடலின் வாயில்களில் வரிசை வரிசையாக, வெவ்வேறு ஆழத்தில் கண்ணிகள் இருந்தன. 1945 ஜூன் மாதம் ஒன்பது அமெரிக்க நீர்மூழ்கிகள் சுஷிமா நீரிணை வழியே அவற்றுக்கு அடியில் புகுந்தன. அதிர்வெண் மாறிக்கொண்டே இருக்கும் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் புதுவகை சோனார் கருவி அவற்றில் இருந்தது. கண்ணியிலிருந்து திரும்பும் எதிரொலி மணி அடிப்பது போலக் கேட்குமாம். அந்த மணியோசையைக் கேட்டு விலகி விலகியே போனார்கள். எஃகு வடம் உடலில் உராயும் சத்தம் கேட்டபோது உள்ளே இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒன்பதும் கண்ணிகளைக் கடந்தன. அவற்றில் 'போன்ஃபிஷ்' மட்டும் பின்னர் காவற் கப்பல்களால் அழிக்கப்பட்டது, எட்டு திரும்பின.

மூன்றின் முடிவு

நீல வல்லூறான அவோடாகா 1944 செப்டம்பர் 26ஆம் தேதி போர்னியோவுக்கு அப்பால் 'பார்கோ' என்னும் அமெரிக்க நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையானது.

இளம் வல்லூறான வாகாடாகா மட்டுமே போரின் முடிவைக் கண்டது. வெளிநாடுகளில் சிக்கிக்கிடந்த ஜப்பானியரைத் தாயகம் சேர்க்கும் பணியில் சில காலம் ஓடியது. 1947இல் சிங்கப்பூரில் அது பிரிட்டனிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆங்கிலேயர் அதற்கு 'லபர்னம்' என்று பெயரிட்டனர். நம் சரக்கொன்றையைப் போல மஞ்சள் பூங்கொத்துகள் தொங்கும் ஓர் ஐரோப்பிய மரத்தின் பெயர் அது. அங்கே முன்பு பயிற்சிக் கப்பலாக இருந்து 1942இல் அழிந்த ஒரு கப்பலின் பெயரும் அதுவே. புதிய லபர்னமும் சிங்கப்பூர்க் கடற்படைத் தொண்டர்களுக்குப் பயிற்சிக்கூடமாக நின்று 1956இல் உடைக்கப்பட்டது.

போர் முடிந்தும் கண்ணிகள் முடியவில்லை. இரு தரப்பும் இட்ட பல்லாயிரம் கண்ணிகளை ஜப்பானிய மாலுமிகளே சிறு மரக் கப்பல்களில் போய் அகற்றினார்கள். காந்தக் கண்ணிக்கு மரக்கப்பல்தான் பாதுகாப்பு. ஆனால் அழுத்தக் கண்ணிக்கு மரமும் ஒன்று, இரும்பும் ஒன்று. இந்த வேலையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுக்கு ஷிகோகுத் தீவில் கோடோஹிரா கோயிலருகே ஒரு நினைவுக்கல் உண்டு. மலேயாக் கடலில் ஓ 16இன் உடல் 1995இல் கண்டறியப்பட்டது. ஆனால் அந்தக் கடற்கல்லறைக்கும் அமைதி கிட்டவில்லை. பழைய இரும்புக்காகத் திருடர்கள் சிறிது சிறிதாக அறுத்தெடுத்ததில், ஓ 16, கே 17 இரண்டுமே ஏறத்தாழ மறைந்துபோயின என்று 2019இல் நெதர்லாந்து அரசு அறிவித்தது.

இனி ஹட்சுடாகா. 1945 மே மாதத் தொடக்கம். தாய்லாந்து வளைகுடாவில் எண்ணெய்க் கப்பலுக்கும் சரக்குக் கப்பல்களுக்கும் அது காவல் போய்க்கொண்டிருந்தது. 'பாயா', 'லகார்ட்டோ' என்ற இரண்டு அமெரிக்க நீர்மூழ்கிகள் அவற்றைப் பின்தொடர்ந்தன. 2ஆம் தேதி இரவு நெருங்கிய பாயாவைக் காவற் கப்பல்கள் சுட்டு விரட்டின. மறுநாள் இரு நீர்மூழ்கிகளும் சந்தித்துத் திட்டம் வகுத்துப் பிரிந்தன. அதன்பின் பாயா அனுப்பிய வானொலிச் செய்திகளுக்கு லகார்ட்டோவிடமிருந்து பதிலே இல்லை. நீருக்குள் இருந்த ஒரு நீர்மூழ்கியைத் தாக்கியதாக ஹட்சுடாகா அதே நாளில் குறித்துவைத்திருந்தது போருக்குப் பின்னரே தெரியவந்தது. இரண்டு வாரம் கழியவில்லை. மே 16ஆம் தேதி மலேயாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், 'ஹாக்பில்' என்னும் நீர்மூழ்கியின் டார்பிடோக்கள் ஹட்சுடாகாவை உடைத்தன. முதலில் அடிபட்டும் அது மூழ்கவில்லை. வேறொரு கப்பல் அதை இழுத்துச் செல்லும்போது மறுபடி தாக்கப்பட்டு இரண்டாகப் பிளந்தது.

லகார்ட்டோவில் 86 பேர் இருந்தனர். அவர்கள் எங்கே போனார்கள் என்பது அறுபது ஆண்டுக் காலம் அவர்கள் வீட்டாருக்குத் தெரியாது. 2005ஆம் ஆண்டு தாய்லாந்து வளைகுடாவில் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில், நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில், ஒரு நீர்மூழ்கியை மூழ்காளர்கள் கண்டனர். அதன் முன்புறத்தில் இடப்பக்கம் ஒரு பெரிய பிளவு இருந்தது. மறு ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் மூழ்காளர்கள் இறங்கி, அது லகார்ட்டோதான் என உறுதிசெய்தனர். பாசியும் சிப்பியும் படிந்த அதன் சுழல்விசிறியைச் சுரண்டிப் பார்த்தபோது, கடலே இல்லாத விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரையில் அதைக் கட்டிய ஊரின் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது: மானிடோவாக்.